நான்கு வாய் இலைத் தொலைவு

லா பாஸ்,
4 அக்டோபர் 1988

மதிப்பிற்குரிய தோன்யா பெத்ரோனா,

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றும் மன்னிப்புக் கடிதங்களாக ஆரம்பித்தன. எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்பது பாதியிலேயே எனக்குக் குழம்பிப்போனதால் கிழித்துவிட்டேன். இதில் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வருகிற பதினாறாம் தேதி ஊரிலிருந்து புறப்பட்டு, கேப்டன் உர்க்கீதியின் எல்லைக் குழு காட்டிலிருந்து திரும்பி வந்த பாதையில் நடக்கப் போகிறேன். சான் ஹெரோனிமோ ஆற்றங்கரையில் தொடங்கி, குந்துர்புங்கு கணவாயைக் கடந்து, மேட்டுச் சமவெளி வரை. 1887இல் அவர்கள் நடந்த அதே தேதிகளில். எனக்கு எழுபத்தொரு வயது. வரைபடத் துறையில் முப்பத்தைந்து வருடம் மலைகளை வரைந்தேன்; வரைந்த மலை ஒன்றின் மீதும் ஏறியதில்லை. எதிர் மேசையில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு இது தெரியாததல்ல.

என் பிரிவுபசாரத் தேநீரின்போது எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மேசையில உக்காந்துக்கிட்டே எங்க கொள்ளுத்தாத்தாவ ரெண்டாவது தடவ சுட்டுட்டீங்க. ஒரு நாளாவது அந்த வழியில நடந்து பாருங்க." கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

புவியியல் சங்க இதழில் வந்த என் கட்டுரையில் நானாக எதையும் சேர்க்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். குழுவின் எழுத்தர் நாட்குறிப்பில் எழுதியதையே எடுத்து வைத்தேன். "நவம்பர் 9. நண்பகலில் கடைசி முகாமிலிருந்து கிளம்பினோம். கோல்பானி சத்திரம் இங்கிருந்து நான்கு கொக்காதா என்றான் வழிகாட்டி இலாரியோன் தூப்பா. இருட்டும்வரை நடந்தும் சத்திரம் இல்லை. வழிகாட்டி எங்களை ஏமாற்றிவிட்டான்." அன்றிரவு பனியில் ஒன்பது சுமைக்காரர்கள் இறந்தார்கள். விடிந்ததும் கேப்டன் வழிகாட்டியைச் சுட்டார். வழிகாட்டி அவர்களைச் சத்திரம் இருக்கும் திசையை விட்டு வேறு பக்கம் இழுத்துப்போனான் என்று நான் முடிவுகட்டினேன். அந்த முடிவில் எனக்கு உறக்கம் வரும் அளவுக்கு உறுதி இல்லை. அதனால்தான் போகிறேன்.

என் கணக்கின் அடிப்படையை எழுதி வைக்கிறேன், அது என் வழக்கம். ஒரு கொக்காதா என்றால், களைப்புத் தெரியாமல் இருக்க மெல்லும் கொக்கா இலையில் ஒரு வாயின் சாரம் தீரும்வரை நடக்கிற தூரம். சுமார் நாற்பது நிமிடம். சமதரையில் மூன்று கிலோமீட்டர், ஏற்றத்தில் இரண்டு. ஆக, கடைசி முகாமிலிருந்து எட்டாவது கிலோமீட்டரில் சத்திரத்தின் இடிபாடு இருக்க வேண்டும். அந்தப் பகுதியின் வரைபடத் தாள் நம் துறையில் இன்றும் வெள்ளை. விமானப் படங்களில் மேகம்தான் விழுந்திருக்கிறது. அதன் ஓரக்கோட்டை வரைந்தவன் நான்.

நாட்குறிப்பின் முழு நகல் உங்களிடமே இருக்கட்டும். தேதியையும் தூரத்தையும் மட்டும் பிரித்தெடுத்த ஒரு பட்டியலைக் கொண்டுபோகிறேன். யானமாயுவில் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கும், கணவாய்க்கு அப்பால் உல்யானியில் பங்குச் சாமியார் வீட்டுக்கும் எழுதினால் கிடைக்கும். நவம்பர் பதினைந்துக்குள் என்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

பணிவுடன்,
அன்செல்மோ விதாவுர்ரே


ஒருரோ,
9 அக்டோபர் 1988

இன்ஜினியர் விதாவுர்ரே அவர்களுக்கு,

மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம். அதிலும் கிலோமீட்டர்.

போக வேண்டாம். நம் அலுவலக மாடிப்படியில் நான்காவது படியிலேயே கைப்பிடியைத் தேடுகிறவர் நீங்கள். மின்தூக்கியில் ஏறுவதற்கு முன் அது எத்தனை பேரைத் தாங்கும் என்று பலகையைப் படித்துவிட்டு, உள்ளே நிற்பவர்களை எண்ணுவீர்கள். நான் "நடந்து பாருங்க" என்றது கோபத்தில். கோபத்தில் மனிதர்கள் எத்தனையோ சொல்வார்கள். அதை நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்துக் காலணி வாங்கப் போவது உங்களால்தான் முடியும்.

போயே தீருவேன் என்றால் ஜூனில் போங்கள். அவர்கள் நவம்பரில் நடந்தது வேறு வழியில்லாமல். உங்களை யார் துரத்துகிறார்கள்? நவம்பரில் மேலே இடி இறங்கும், பனி கொட்டும். என் மகன் அந்தப் பகுதிகளில் பேருந்து ஓட்டியவன். கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "அம்மா, அந்தப் பெரியவருக்கு உன்மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டான்.

இன்னொன்று. எங்கள் கொள்ளுத்தாத்தா யாரையும் வேறு பக்கம் இழுத்துப் போகவில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் உரக்கப் பேசியதில்லை. என் பாட்டனார் அப்பன் பெயரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார். நான்தான் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் தூப்பா என்று எழுதினேன். உங்கள் கட்டுரை வந்த வாரம் என் பேத்தியின் வகுப்பில் அதைப் படித்தார்கள்.

சொல்லிவிட்டேன். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி எடுத்துப்போங்கள், இரண்டு போதாது.

பெத்ரோனா தூப்பா


சான் ஹெரோனிமோ,
20 அக்டோபர் 1988

மதிப்பிற்குரிய தோன்யா பெத்ரோனா,

உங்கள் பேத்தியின் வகுப்பு பற்றி எனக்குத் தெரியாது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 

இன்று ஆற்றைக் கடந்தேன். கம்பியில் தொங்கும் ஒரு கூடையில் உட்கார வைத்து அக்கரையிலிருந்து கயிற்றால் இழுக்கிறார்கள். நடுவில் வந்ததும் கூடை நின்றது. கீழே தண்ணீர் மாட்டுத்தோல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இழுப்பவர்கள் இருவரும் ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். "ஐயா, நீங்க கண்ண மூடிட்டீங்களான்னு எங்களுக்குள்ள ஒரு பந்தயம்! கண்ணத் திறந்து காட்டுங்க!" என்று கத்தினான் ஒருவன். திறந்தேன். தோற்றவன் என்னைத் திட்டினான்.

எழுத்தரின் கடிகாரமும் காற்றழுத்தமானியும் முங்கிப்போனது இந்த ஆற்றில்தான். அதற்குப் பிறகுதான் அவர் தூரங்களைக் கொக்காதாவில் எழுதத் தொடங்கினார். சுமைக்காரர்கள் இலை மாற்ற நிற்கும்போதெல்லாம் ஒரு கோடு.

நான்கு ஜோடிக் காலுறை எடுத்து வந்தேன். இரண்டு ஏற்கெனவே ஈரம்.

அன்செல்மோ விதாவுர்ரே


யானமாயு,
1 நவம்பர் 1988

மதிப்பிற்குரிய தோன்யா பெத்ரோனா,

பதினொரு நாள் நடந்து வந்துவிட்டேன். நானே நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் நான் பயந்த விஷயங்களை எண்ணிட்டுக் குறித்து வருகிறேன். நேற்றுவரை முப்பத்தொன்பது. அவற்றில் நடந்தவை இரண்டு: மண்சரிவு, வயிற்றுப்போக்கு. இந்த விகிதம் எனக்கு ஆறுதல் தர வேண்டும். தரவில்லை.

ஒரு சங்கடமான செய்தி. முதல் சில நாட்கள் என் பட்டியலோடு என் நடை சரியாகப் பொருந்தியது. கடந்த ஐந்து நாட்களாகப் பொருந்தவில்லை. எழுத்தர் ஒரு கொக்காதா என்று எழுதிய தூரத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால்தான் காரணம். இறக்கத்தில் வலது முழங்கால் சத்தம் போடுகிறது. பட்டியலைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. சுமை தூக்கிக்கொண்டு, அரைப்பட்டினியாக வந்தவர்கள் என்னைப் போல மூன்று மடங்கு வேகத்தில் நடந்திருக்கிறார்கள். கணவாயில் கோவேறு கழுதை மேல் போகப்போவதால் என் மெத்தனம் அங்கே கணக்கில் வராது.

கழுதைக்காரர் பெயர் சத்துர்னீனோ கலாஞ்சா. ஐம்பது வயதிருக்கும். கழுதையின் பெயர் கனேலா. லாரிச் சாலை வேறு பக்கமாக வந்தபிறகு கணவாய் வழியை யாரும் மிதிப்பதில்லை. இவர் பதினான்கு வயதில் அவருடைய அப்பாவோடு சுமை தூக்கும் லாமாக்களை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை வந்திருக்கிறார். "விடியறதுக்கு முன்னாடி கிளம்பினோம். லாமா ஒண்ணு என் மூஞ்சில துப்புச்சு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்கிறார். இந்த ஊர் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதால் வானொலிகூட எடுப்பதில்லை; உலகத்தைப் பற்றி இவர்களுக்கு லாரி ஓட்டுநர் சொல்வதுதான்.

இன்று எல்லா வீடுகளிலும் இறந்தவர்களுக்குப் படையல் மேசை போட்டிருக்கிறார்கள். சத்துர்னீனோவின் மனைவி பிரிமித்தீவா பிள்ளை உருவத்தில் சுட்ட ரொட்டிகளில் பத்து மட்டும் தனித் தட்டில் இருந்தன. கணவாயில் செத்தவர்களுக்காம்.

"ஒன்பது பேர்தானே அம்மா?" என்றேன்.

"சுட்டுப் போட்டாங்களே ஒருத்தர, அவருக்குப் பசிக்காதா?" என்றாள்.

அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

சாப்பாட்டுக்குப் பிறகு சத்துர்னீனோவிடம் முறையாக விசாரித்தேன். கடைசி முகாமிலிருந்து கோல்பானி எத்தனை கொக்காதா?

"அது நீங்க குடுக்கற இலையப் பொறுத்துங்க ஐயா. கை நிறையக் குடுத்தா பத்துன்னு சொல்வேன். கஞ்சத்தனம் பண்ணுனா நாலுன்னு சொல்வேன்."

வீடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "வழிகாட்டி தூரம் சொல்லத் தயங்குகிறார்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆறாம் தேதி கிளம்பி, எட்டாம் தேதி கடைசி முகாம். ஒன்பதாம் தேதி நண்பகலில், அவர்கள் கிளம்பிய அதே நேரத்தில், கணவாய்க்குக் கிளம்புவோம். பிரிமித்தீவா என்னிடம் சொன்னாள்: "கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து விட்டுருங்க ஐயா. எனக்கு இருக்கறது இந்த ஒரு ஆம்பள, அதுவும் பாதிதான் வேல செய்யுது." சத்துர்னீனோ தொப்பியைக் கழற்றி வணங்கினார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன். நாற்பதாவது பயம் என்று குறித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லாரி கிளம்புகிறது. ஓட்டுநர் ஒலி எழுப்புகிறார்.

அன்செல்மோ விதாவுர்ரே


லா பாஸ்,
6 நவம்பர் 1988, ஞாயிறு

தோன் அன்செல்மோ,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு நேரத்துக்கு வராது. தெரிந்தே எழுதுகிறேன், எழுதாமல் உட்கார முடியவில்லை. யானமாயு முகவரிக்கே போடுகிறேன். யாராவது எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாலும் வரலாம்.

உங்கள் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை!

நேற்று உங்கள் கடிதம் கிடைத்தது. அந்தக் கழுதைக்காரர் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது மறுபடி நினைத்துச் சிரித்தேன். அப்புறம் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு நாட்குறிப்பின் நகலைத் தேடி எடுத்தேன். அக்டோபர் 27: "இலை மூட்டைகள் இரண்டு மழையில் அழுகிவிட்டன. இன்று முதல் சுமைக்காரர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பிடி மட்டும்." நாம் இருவரும் இதை நூறு தடவை படித்திருப்போம். கேப்டனின் கண்டிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்போம். உங்கள் பட்டியலில் இந்த வரியே கிடையாது, அதில் தூரம் இல்லையே.

ஒரு பிடி இலையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுமக்கிறவன் நாற்பது நிமிடத்தில் துப்புவானா? கன்னத்திலேயே அடக்கிவைப்பான், வெறும் சக்கையாகும்வரை. இரண்டு மணி, இரண்டரை மணி. எழுத்தரிடம் கடிகாரம் இல்லை. அவர்கள் இலை மாற்றும்போது ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான். 27க்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கொக்காதாவும் மூன்று மடங்கு நீளம். அதனால்தான் நீங்கள் "மெதுவாக" நடந்தீர்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா நான்கு என்றால், அன்றைக்கு அவர்கள் மென்றபடி நான்கு. விடியலில் கிளம்பி இருட்டில் சேர்கிற ஒரு முழு நாள். கேப்டன் அதை மூன்று மணி நேரம் என்று கேட்டுக்கொண்டு நண்பகல்வரை முகாமில் உட்கார்ந்திருந்தார். நீங்களும் நண்பகலில் கிளம்பப் போகிறீர்கள்.

இரவுப் பேருந்தில் இங்கே வந்தேன். விடியற்காலையில் ஊர்ச் செய்திகள் படிக்கிற வானொலி நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பெண், "ஒரு செய்திக்கு இருபது சொல்தான் அம்மா" என்றாள்.

"அப்ப நாலு செய்தியாப் போடு."

"யாருக்கு? எந்த ஊர்ல இருக்கார்?"

"கணவாய் மேல இருப்பாரு. இல்லன்னா கணவாய்க்குக் கீழ இருப்பாரு. அவர்கிட்ட வானொலி கிடையாது."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்புறம் யாரும்மா கேப்பாங்க?"

"யாராவது கேப்பாங்க. கேட்டவங்க போய்ப் பாக்கட்டும்."

நாளை முதல் மூன்று நாள், கெச்சுவா, ஐமரா மொழிகளில் படிப்பார்கள். "குந்துர்புங்கு பக்கம் இருப்பவர்களுக்கு. ஒன்பதாம் தேதி ஒரு வயதான இன்ஜினியரும் ஒரு கழுதைக்காரரும் கணவாயில் வருவார்கள். தாமதமாகக் கிளம்புவார்கள். கோல்பானிக்கு மேலே போய்ப் பாருங்கள். பெத்ரோனா தூப்பா." முடிந்தால் அந்த ஒரு நாள் மட்டும் கணக்குப் போடாமல் இருங்கள்.

பெத்ரோனா


கடைசி முகாம்,
9 நவம்பர் 1988, காலை பத்து மணி

மதிப்பிற்குரிய தோன்யா பெத்ரோனா,

கீழே யானமாயுவுக்கு ஆடுகளை ஓட்டிப்போகும் ஒரு பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சத்துர்னீனோ நான்கு மணிக்கே கழுதைக்குச் சேணம் போட்டுவிட்டு என்னை எழுப்பினார். நண்பகல்தான் என்றேன். "எதுக்குங்க நண்பகல்?" என்றார். அவர்கள் நண்பகலில் கிளம்பினார்கள் என்றேன். "அவங்கதான் செத்துட்டாங்களே ஐயா" என்றார். பட்டியலைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மரியாதைக்காக நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு சேணத்தைக் கழற்றினார்.

எட்டு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நான்கு என்றே வைத்துக்கொண்டாலும் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். இதை ஆறு தடவை சரிபார்த்துவிட்டேன். வானம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் சொன்னபடி காலையிலேயே கிளம்பியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒப்பீடு கெட்டிருக்கும். அவ்வளவுதான். இப்போது நினைத்தால் அது அப்படி ஒன்றும் பெரிய காரணமாகத் தெரியவில்லை. ஆனால் மறுபடி சேணம் போடச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்செல்மோ


லா பாஸ்,
15 நவம்பர் 1988

உல்யானி பங்குச் சாமியார் வீடு,
தோன் அன்செல்மோ விதாவுர்ரே அவர்களுக்கு

இன்று நீங்கள் சொன்ன கெடு. ஒன்றும் வரவில்லை. நான் இன்னும் ஊருக்குப் போகவில்லை, உறவுக்காரப் பெண் வீட்டில் தங்கியிருக்கிறேன். தினமும் காலையில் வானொலி நிலையத்துக்குப் போகிறேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். பத்தாம் தேதி மேலே பெரிய பனி என்று செய்தியில் சொன்னார்கள்.

இதைப் படிக்க நீங்கள் இருந்தால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். கிலோமீட்டர்கூட எழுதலாம்.

பெத்ரோனா


உல்யானி,
16 நவம்பர் 1988

தோன்யா பெத்ரோனா,

இருக்கிறேன். சத்துர்னீனோவும் இருக்கிறார். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று சாமியார் சொன்னார். விரல்கள் வீங்கியிருந்ததால் நேற்றுவரை பேனா பிடிக்க முடியவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பகலில் கிளம்பினோம். மூன்று மணிக்கு என் கணக்குப்படி சத்திரத்தில் இருக்க வேண்டும். கணவாய்க்கே இன்னும் ஏறிக்கொண்டிருந்தோம். நாலரைக்குக் கணவாய். சத்துர்னீனோ வழிக்கல் குவியலில் காணிக்கையாக ஒரு கல்லும் இலையும் வைத்தார். அந்தப் பக்கம் சத்திரம் இல்லை, இறக்கம்கூட இல்லை. வெள்ளையாக ஒரு வெளி, முடிவே இல்லாமல். அதன் மேல் மேகம் எங்களை நோக்கித் தரையோடு வந்தது.

என் ஊன்றுகோலின் இரும்பு முனை பாட ஆரம்பித்தது. தேனீக்கூட்டம் போல ஒரு ரீங்காரம். அதை நான் ஆர்வத்தோடு காதருகே கொண்டுபோனேன். "எறிங்க அத! எறிங்க!" என்று சத்துர்னீனோ கத்தினார். எறிந்தேன். முதல் இடி விழுந்தது. பிறகு ஆலங்கட்டி. கனேலா என்னைக் கீழே தள்ளிவிட்டு மேகத்துக்குள் ஓடியது. அதை இன்றுவரை காணவில்லை.

ஆறரை மணிக்கு ஒரு பாறை மறைவில் நின்றோம். என் கால்கள் நகர மறுத்தன. உங்களிடம் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் வருகிறது.

"சத்திரம் எங்கே?" என்றேன்.

"இன்னும் போகணும் ஐயா."

"நாலுன்னு சொன்னியே!"

"நான் சொல்லலீங்க. உங்க காகிதம் சொல்லுச்சு."

"வழி தப்பிட்ட. வேணும்னேதான் தப்பிட்ட."

முப்பத்தைந்து வருட வேலையில் கடைநிலை ஊழியரைக்கூட ஒருமையில் அழைத்தவனில்லை நான். சத்துர்னீனோ தன் போர்வையைக் கழற்றி என்மேல் சுற்றினார். மீதியிருந்த இலையை என் சட்டைப்பையில் போட்டார். "நகராதீங்க. நான் போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேகத்துக்குள் போனார்.

கண்ணுக்கு எழுத்துத் தெரிகிற கடைசி வெளிச்சம் இருந்தது. குறிப்பேட்டை எடுத்தேன். "சத்துர்னீனோ கலாஞ்சா என்னை ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டான்" என்று எழுதினேன். தேதி போட்டேன். நேரம் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். தெளிவான எழுத்து, கை நடுங்கவே இல்லை. எனக்குக் குளிர்கூடக் குறைந்தது போலிருந்தது.

விடிந்தபோது குரல்கள் கேட்டன. அல்பாக்கா மேய்க்கும் மூன்று பேர். ஒருவர் கழுத்தில் வானொலிப் பெட்டி தொங்கியது. குனிந்து என் முகத்தைப் பார்த்து, "பெத்ரோனா தூப்பாவோட இன்ஜினியர் நீங்கதானா?" என்றார்.  தலையாட்டினேன்.

மூன்று நாள் காலையில் உங்கள் செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். ஆலங்கட்டி பெய்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் வெளிச்சத்தில் கோல்பானியிலிருந்து மேலே ஏறியிருக்கிறார்கள். வழியில் சத்துர்னீனோ முழங்காலால் ஊர்ந்துகொண்டிருந்தாராம். போர்வை இல்லை. சத்திரத்தின் திசையில்தான், நேராகத்தான் போயிருக்கிறார். அவரைத் தூக்கப் போனபோது, "என்ன விடுங்க, கிழவரு மேல பாறைகிட்ட இருக்காரு. அவர எடுத்துட்டு வாங்க" என்றிருக்கிறார்.

கோல்பானி இப்போது இடுப்பளவுச் சுவர், ஆட்டுப்பட்டி. கடைசி முகாமிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டருக்குக் குறையாது. உங்கள் ஆறாம் தேதிக் கடிதத்தை யானமாயு ஆசிரியர் நேற்றுத்தான் லாரியில் இங்கே திருப்பி அனுப்பினார். படிக்கத் தேவையிருக்கவில்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா சரியாகச் சொன்னார் என்பதை என் கால்கள் எனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டன. சங்கத்துக்கு மறுப்பு எழுதுவேன், என் பெயரில், அதே பக்க அளவில். அது எளிது.

எளிதல்லாதது இது. நான் அந்தப் பாறையடியில் இறந்திருந்தால் அந்தக் குறிப்பேடு கிடைத்திருக்கும். படித்த மனிதர், கடைசி நேரத்தில் எழுதியது என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, நானாக எதையும் சேர்க்கவில்லை என்று எழுதியிருப்பார். படுத்தால் இதுதான் வருகிறது. பனி வருவதில்லை, இடி வருவதில்லை.

நேற்று சத்துர்னீனோவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவருடைய வலது காலில் மூன்று விரல்களை எடுத்திருக்கிறார்கள்.

"என் பேரப் போட்டா எழுதுனீங்க?" என்றார்.

"ஆமாம்."

"அப்பன் பேரோடயா?"

"ஆமாம்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாமியார் கொண்டுவந்த சூப்பைக் குடிக்கவில்லை. சாயங்காலம், திரும்பாமலே, "பிரிமித்தீவாகிட்ட யார் சொல்றது?" என்றார்.

"காலைப் பற்றியா?"

"ரெண்டையும் பத்தி."

நான் சொல்கிறேன் என்றேன். அவர் நடக்க ஆரம்பித்ததும் லாரியில் யானமாயு போகிறோம். தோன்யா பெத்ரோனா, என் பயங்களின் பட்டியல் நாற்பத்தாறோடு நிற்கிறது. இதை அதில் எழுதவில்லை. எழுதினால் நான் அந்த லாரியில் ஏற மாட்டேன்.

குறிப்பேட்டை இத்துடன் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. என்ன செய்வதென்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அன்செல்மோ


லா பாஸ்,
21 நவம்பர் 1988

தோன் அன்செல்மோ,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்ற வரியை வானொலி நிலையத்தில், அந்தப் பெண்ணின் மேசையிலேயே வைத்துப் படித்தேன். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மீதியை வீட்டுக்கு வந்து படித்தேன்.

குறிப்பேட்டையும் பார்த்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, மூடி, அலமாரியின் மேல் வைத்தேன். சின்னப் பெண்ணாக இருந்தபோது எழுத்தரின் கையெழுத்தை நினைத்து இரவில் பயப்படுவேன். கோணல் மாணலாக, கொடூரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆவண அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கிறது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணானது. அது வருகிறபோது வரட்டும். சத்துர்னீனோவுக்கே இன்னும் வரவில்லை, எனக்கு என்ன அவசரம்? மறுப்புக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள். அதில் கழுதைக்காரர் சொன்னதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், யார் சொன்னது என்ற பெயரோடு.

வியாழக்கிழமை உல்யானிக்கு வருகிற லாரியில் நான் இருப்பேன். சத்துர்னீனோவின் காலுக்குத் தகுந்தாற்போல ஒரு செருப்பு தைக்கச் சொல்லியிருக்கிறேன், அளவு தெரியாததால் பெரியதாகவே. மூன்று பேருமாக யானமாயு போவோம். பிரிமித்தீவாவிடம் பேச வேண்டியவர் நீங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அவள் முன்னால் நீங்கள் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறேன்.

பெத்ரோனா